மீன் பாத்திரம்

ஜூன் 3, 2024. திங்கள்.

புது வீட்டில் ஐந்தாவது நாள். புது வீடு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. வாடகைதான். ஆனாலும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஸ்ரீநாத்தின் அம்மா வீட்டு மாடியில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இது அரண்மனை. இங்கே நான் கரண்டியை எங்கே மாட்டினாலும் யாரும் எடுத்து வேறு ஆணியில் மாட்ட மாட்டார்கள்.

சாமான் என்று பார்த்தால் ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, ஸ்ரீயின் மருந்து சாம்பிள் பெட்டிகள். தவணையில் சோபா எடுக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். பழையதை வாங்கித் தேய்த்து, பெயிண்ட் அடித்து நானே செய்கிறேன். யூடியூபில் ஒரு பெண் மொத்த வீட்டையும் அப்படித்தான் செய்திருக்கிறாள். அவளுக்கு இருக்கிற இரண்டு கை எனக்கும் இருக்கிறது.

"பழைய சாமான்னா கோரிப்பாளையத்துல ஒரு பாய் கடை இருக்கு, போய்ப் பாரு" என்றான். மருந்துக் கம்பெனி ரெப்புக்கு இந்தக் கடையெல்லாம் எப்படித் தெரியும்? ஊர் சுற்றுகிற வேலை. தெரியும்போல.

ஜூன் 9, ஞாயிறு.

பாய் கடை கடையே இல்லை, குகை. உள்ளே போனால் வெளியே வர மனமில்லை. தையல் மிஷினின் இரும்புக் கால் ஒன்று, மிஷின் இல்லாமல். மேலே பலகை போட்டால் மேஜை. அப்புறம் ஒரு தேக்குக் கதவு, ஒற்றைக் கதவு, பச்சை பெயிண்ட் உரிந்தது. அறுத்தால் மூன்று தட்டு அலமாரி வரும்.

கூடவே ஒரு பித்தளைச் செம்பு, நாலு டம்ளர். எல்லாவற்றிலும் 'கோ. சரோஜா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. பெயர் வெட்டிய பாத்திரத்தை யார் விற்பார்கள் பாய் என்று கேட்டேன்.

"செத்தவுக வீட்லருந்து வரும். இல்லைன்னா மருமக புடிக்காத வீட்லருந்து வரும்" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு.

காலை முழுக்க உப்புத்தாள் தேய்ப்பு. கதவில் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே வெள்ளை. மூக்குக்குள் மூன்று நிறமும் இருக்கிறது.

அலமாரி எதற்கென்றால் அம்மா கொடுத்த சீர்ப் பாத்திரங்களுக்கு. அண்டா, குடம், தூக்கு, ஏழு அடுக்கு, பித்தளைப் பொங்கல் பானை. அம்மா நூறு நாள் வேலையில் மண் சுமந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தது. நாங்கள் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து, இரண்டு வீடும் ஒருவழியாகப் பேச ஆரம்பித்த பிறகு, அப்பாவும் அம்மாவும் வாடிப்பட்டியிலிருந்து வேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாவற்றிலும் என் பெயர். பெயர் வெட்டியவன் கடைசி எழுத்துக்குக் கால் போடாமல் தலையில் புள்ளி வைத்துவிட்டான். பாண்டிமீனாவுக்குப் பதில் பாண்டிமீன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், கவனிக்கவில்லை. ஸ்ரீ வீட்டில் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து அதற்கு மீன் பாத்திரம் என்றே பெயர். "மீன் பாத்திரத்தை எடுக்காத", "மீன் பாத்திரத்தை மாடியில வை." நானும் சிரித்தேன். எவன் தப்பாக வெட்டினாலும் சிரிப்புத்தானே.

குடி வரும்போது வைக்க இடமில்லை என்று எல்லாவற்றையும் அத்தை வீட்டு மாடிச் சாமான் ரூமிலேயே விட்டு வந்தேன். அத்தைக்குப் போன் செய்து எடுத்துக்கொள்ள வரட்டுமா என்று கேட்டேன். நேற்று ஆனி பிறந்துவிட்டதாம். ஆனியில் வீட்டிலிருந்து சாமான் வெளியே போகக் கூடாதாம். சரி.

ஜூன் 27.

எனாமல் இரண்டாவது கோட். காய்வதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை நடந்துவிட்டது. நாலு கால் தடம். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூலை 7, ஞாயிறு.

அலமாரியைச் சுவரில் ஏற்றியாகிவிட்டது! டிரில்லிங் மிஷினை நானே பிடித்தேன். ஸ்ரீ ஸ்டூலைப் பிடித்தான், அதுவும் போன் பார்த்துக்கொண்டே. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தக அட்டை வைக்கும் பழைய மர இழுப்பறைகளைக் கழித்துக் கட்டினார்கள். ஏலத்தில் எடுத்து வார்னிஷ் அடித்தேன். இப்போது அதில் சீரகம், வெந்தயம், கடுகு. முகப்பில் 'தத்துவம்: அ முதல் ஔ வரை' என்ற சீட்டைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். அதில் மிளகாய் வற்றல் இருக்கிறது.

மூன்று தட்டும் காலி. அளந்து செய்தது. அண்டா உயரம், குடத்தின் வயிறு எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஜூலை 18, வியாழன்.

நேற்று ஆடி பிறந்தது. ஆடியிலும் சாமான் வெளியே போகக் கூடாதாம்.

அம்மா போன். ஆவணி முதல் ஞாயிறு அப்பாவோடு வருகிறாள். அத்தை வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். இரண்டு முறையும் வாசல் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பர் கப்பில் காபி குடித்துவிட்டுப் போனாள். "என் மக வீட்டு அடுப்படியை இன்னும் பாக்கலையே" என்று அப்புறம் போனில் சொன்னாள். இந்த முறை அடுப்படியில் உட்கார வைத்துத்தான் சோறு போடுவேன். அவள் கொடுத்த பாத்திரம் அத்தனையும் அவள் கண் முன்னால் வரிசையாக இருக்கும். இந்த வீட்டில் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஜூலை 21, ஞாயிறு.

அத்தை முதல் முறையாக வந்தார். கை வீசிக்கொண்டு வந்தார். பாத்திரம்? "அது மாடியில அடியில கெடக்கு மீனா, ஆவணி வரட்டும்."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தையல் மிஷின் மேஜையைத் தட்டிப் பார்த்தார். சரோஜா டம்ளரில் காபி கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்து, "அந்தக் காலத்துப் பித்தளை. யாரோ பெரிய வீட்டுச் சாமான் போலருக்கு" என்று சொல்லிக் குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிற அளவுக்குப் பெருமை.

ஆகஸ்ட் 10, சனி.

எழுதிவிட வேண்டும்.

படுக்கையறைக் கதவுக்குப் பித்தளைப் பிடி வாங்கப் பாய் கடைக்குப் போனேன். பாய் ஒரு கோணியைக் கொட்டினார். கொட்டினதில் ஒரு பொங்கல் பானை உருண்டு வந்தது. எடுத்துத் திருப்பினேன். பாண்டிமீன்.

கழுத்துப் பக்கம் ஒரு நெளிவு இருக்கும், வேனிலிருந்து இறக்கும்போது அப்பா கை தவறி விழுந்த நெளிவு. இருந்தது.

யார் போட்டது என்று கேட்டேன். "மே மாசம் ஒரு தம்பி லோடு ஆட்டோவுல கொண்டாந்தாப்ல. கண்ணாடி போட்ட தம்பி, பேக்ல மருந்துக் கம்பெனி பேரு. எவர்சில்வர் அம்புட்டும் அன்னைக்கே எடைக்குப் போயிருச்சும்மா. இதுதான் எப்படியோ தங்கிருச்சு. பேரு வெட்டியிருக்கே, யாருது தம்பின்னு கேட்டேன். வீட்ல யாருக்கும் வேணாம்னாரு. ஏம்மா, தெரிஞ்சவுகளா?"

தெரிந்தவர்கள்தான் என்றேன். பேரம் பேசாமல் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மே மாதம். நாங்கள் குடி வருவதற்கு முன்னால், நான் நூலகத்துக்குப் போயிருந்த ஏதோ ஒரு நாளில்; கிளம்பும்போது அந்தச் சாமான் ரூமை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஆனி என்ன, ஆடி என்ன! இரண்டு மாதம் இல்லாத பாத்திரத்துக்கு நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் காலித் தட்டுக்கு அளவெடுக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு.

பானையை ஹால் நடுவில் வைத்திருந்தேன். ஸ்ரீ செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டான்.

"அக்கா பையன் படிக்க மாடி ரூமைக் காலி பண்ண வேண்டியிருந்துச்சு."

காலி செய்தால் என்னிடம் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"நீ ஏற்கெனவே தனியாப் போகணும்னு நின்ன. இதையும் எடுத்துட்டுப் போனா அம்மாவோட மொத்தமா முறிஞ்சிரும்னு நெனச்சேன்." பொய். அவனுக்கே அது பொய் என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு அதுல பொழங்க மனசு ஒப்பலை மீனா. வயசானவங்க. மாத்தவா முடியும்?" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷத்தில் அந்த அண்டாவில் ஒரு நாள் சோறு வெந்து நான் பார்க்கவில்லை. குடத்தில் மாடி கழுவத் தண்ணீர் பிடிப்பார்கள். தூக்கில் வேலைக்கார அம்மாவுக்கு மிச்சக் குழம்பு. மீன் பாத்திரம் என்று சொன்னது எழுத்துப் பிழைக்காக இல்லையா, ஸ்ரீ?

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அவங்க வேற பேரு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நாங்க வீட்டுக்குள்ள பேசிக்கிற பாஷையில. உங்க ஆளுங்க பேரு. என்னைக்காவது உனக்குப் புரிஞ்சிரும்னு நான்தான் மீன் பாத்திரம்னு சொல்லச் சொன்னேன். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான். நீயும் சிரிச்சிக்கிட்டுத்தானே இருந்த?"

சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். கூடச் சேர்ந்து சிரித்தேன். எங்கள் சாதிப் பெயருக்கு என் பெயரையே உறை போட்டுக் கொடுத்திருக்கிறான், அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அதோடு விட்டானா? "நீயும்தான் எவன் எவன் வீட்டுச் சாமானையோ வாங்கியாந்து பெயிண்ட் அடிக்கிற. அந்த மாதிரி இதையும் இன்னொருத்தன் வாங்கிக்கப் போறான். இதுக்குப் போயி..."

நான் பேசியிருந்தால் கையில் இருந்த சுத்தியலும் பேசியிருக்கும்.

ஆகஸ்ட் 14.

சரோஜா என்ன ஆட்கள் என்று பாய்க்கும் தெரியாது. தெரியாததால் அத்தை இரண்டு டம்ளர் காபி குடித்தார். என் அம்மாவைத் தெரியும். அதுதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு.

அம்மாவும் அப்பாவும் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஸ்ரீ டார்கெட் மீட்டிங் என்று வெளியே போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

அம்மா கதவு, ஜன்னல், மேஜை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பூனைத் தடத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா தையல் மிஷின் மிதியைக் காலால் ஆட்டிக்கொண்டே இருந்தார். "எம் மகளுக்கு ஆசாரி வேலையும் வருதே" என்றார். அந்த நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் அம்மா அலமாரி முன்னால் வந்து நின்றாள். மேல்தட்டில் பானை. மற்ற இரண்டு தட்டிலும் சரோஜாவும் பிளாஸ்டிக் டப்பாக்களும்.

"இந்த ஒண்ணைத்தான் கொண்டாந்தியா? மத்ததெல்லாம் எங்க தாயி?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் வந்தது வேறு. "எல்லாம் அத்தை வீட்டுல பொழக்கத்துல இருக்கும்மா. அதான் எடுக்கலை."

அம்மா முகத்தை நான் எப்படி எழுத? பானையின் நெளிவை விரலால் தடவினாள். பிறகு தணிந்த குரலில், "சம்பந்தியம்மா நம்ம அண்டாவுலயா பொங்குறாக?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"நெசமாவா?"

நெசமாத்தான் என்றேன்.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "கேட்டீகளா? நம்ம பாத்திரத்துல அவுக பொங்கித் திங்கிறாகளாம். வெளிய உக்கார வச்சாக, வெளிய உக்கார வச்சாகன்னு நீங்க எம்புட்டு நாளாப் பொருமிக்கிட்டுக் கெடந்தீக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மிதியை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

சோறு போட்டேன். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 20.

ஏன் சொன்னேன்? அவளைக் காப்பாற்றவா, என்னையா? ஸ்ரீநாத்துக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்? அவனும் மனசு நோகக் கூடாது என்றுதான் பொய் சொன்னான்.

ஆகஸ்ட் 29, வியாழன்.

அம்மா போன். சமையல் செய்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டேன். ஸ்ரீ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"மீனா, தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தி நம்பலை. நம்பாட்டிப் போறா. சம்பந்தியம்மாவுக்குன்னு பெரிய இட்லிச் சட்டி ஒண்ணு எடுத்திருக்கேன், வெயிட்டு. அவுக பேரையே வெட்டச் சொல்லிட்டேன். 'சுந்தரவல்லி அம்மாவுக்கு செல்லக்கிளி அன்பளிப்பு'ன்னு. இந்தத் தடவை தப்பு வந்துரக் கூடாதுன்னு டீச்சரம்மாட்ட எழுதி வாங்கிட்டுப் போனேன். மாப்பிள்ளையை வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு தாயி. நாங்க கொண்டாந்தா அவுகளுக்கு ஒரு சங்கடமாருக்கும்."

ஸ்ரீயின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று நானே சொன்னேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு.

போனான். கோழிக் குழம்பும் சோறும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானம் மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. நான் படுக்கையறைக் கதவில் விரிசல் அடைத்துப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை எங்க கொண்டு போறது மீனா?"

பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. அம்மா அவனிடம் என்ன பேசினாளோ. ஒரு நாள் இந்த முகத்துக்காக எங்கள் தெருவையே எதிர்த்துக்கொண்டு வந்தேன்.

"உனக்குத்தான் கடை தெரியுமே" என்றேன்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினான் என்று ஜன்னலில் போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்.

நேற்று விளக்கு வைத்த பிறகு வெறுங்கையோடு வந்தான். எங்கே கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஹாலில் படுத்துக்கொண்டான்.

காலையில் அம்மா போன் செய்தாள். அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம் என்று சொன்னேன்.