பதினெட்டா, எழுபதா?

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

மாமா கொடுத்த பழைய கேமராவுக்குப் பாப்பா ஜூம் லென்ஸ் கேட்டாள் அல்லவா? நேற்று ஆஸ்பத்திரியில் சலவை வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது பதினெட்டு-ஐம்பத்தஞ்சு. வீடு, ஆளுங்கன்னு பக்கத்துல இருக்கறதுக்கு. இது எழுபது-முந்நூறு. பறவை, விளையாட்டுன்னு தூரத்துல இருக்கறதுக்கு. புதுசா கத்துக்கறவங்களுக்கு ரெண்டுமே சரிதான். உங்க பொண்ணு எதைப் படம் எடுப்பா?"

 இங்கே வந்த ஆறு வருடமாகப் போனில் அவளிடம் சாப்பிட்டாயா, படித்தாயா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

"பறவைன்னு நினைக்கிறேன்" என்று உளறினேன்.

"நினைக்கிறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு அறைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அறைத்தோழி ஊருக்கு வருகிறாள். அவளிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். பாப்பாவிடம் நேராகக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போனதும் கேமராவில் இருக்கும் படங்களைப் பார்த்து, எதை எடுக்கிறாள் என்று எழுதுங்கள். முடிந்தால் நாலைந்து படம் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். கடைக்காரருக்கு ஒன்று போதும். மற்றதை நான் வைத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மனைவி