கிணற்றின் மேல் தொங்கும் கூடுகள்

மரகதம்,

பத்து மணிக்கு மரம் வெட்ட முனியப்பா வருவார். கிணற்றின் மேல் சாய்ந்திருக்கும் கிளையை அவர் தொடவே கூடாது. அவருடைய கன்னடத்திலேயே "ஈக பேடா", இப்போது வேண்டாம் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடு.

"குருவி மேல இருக்கிற அக்கறை குடிக்கிற தண்ணி மேல இல்லியே உங்களுக்கு!" என்று நேற்று கத்தினாய். கூடெல்லாம் பாதியில் விட்டுப்போனவைதான் என்று நீ சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். தப்பு. தூக்கணாங்குருவியில் ஆண் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்த்து, பிடித்திருந்தால்தான் ஆண் கீழே நீளமாக வாசல் பின்னும். இன்று காலை பார்த்தேன், இரண்டு கூடுகளுக்கு வாசல் வந்துவிட்டது. உள்ளே முட்டை இருக்கும்.

நீயும் கல்யாணத்துக்கு முன்னால் உன் அண்ணனோடு வீடு பார்க்க வந்து, "அடுப்புக்கு மேல ஜன்னல் வேணும்" என்றவள்தானே? நான் சுவரை உடைத்து ஜன்னல் வைத்த பிறகுதான் சம்மதித்தாய்.

கூட்டிலிருந்து புல் விழாமல் இருக்கக் கிணற்று வாயில் என் பழைய வேட்டியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். தண்ணீர் இறைக்க ராட்டினத்தின் பக்கம் மட்டும் அவிழ்த்துக்கொள். அடுத்த மாதம் குஞ்சுகள் பறந்ததும் கிளையை நானே வெட்டுகிறேன்.

பொன்னுசாமி

பி.கு.: மூன்றாவது கூட்டுக்கு இன்னும் வாசல் வரவில்லை. அந்த ஆண் சிறகடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, கிணற்றடிக்கு வா, சேர்ந்து பார்க்கலாம்.