ரஃபத் ஜஹான் கடைக் கேமரா பெட்டி

மேல்விஷாரம்,
வியாழக்கிழமை மாலை.

தமிழினி அப்பாவுக்கு ஹேமலதா எழுதிக்கொள்வது.

நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் அங்கே சாப்பிடுகிறீர்களா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்றுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. செவ்வாய்க்கிழமை ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, உங்களைப் பார்க்க ஜெயிலுக்கு வந்து மனு போட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அருணகிரி வரமாட்டேன்னு சொல்லிட்டாரும்மா என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதையாவது கடைசி வரைக்கும் படியுங்கள்.

இருதயராஜ் சாருக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. நடக்க நாளாகுமாம். நினைவு தப்பியதால் மோதினது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் ஷிஃப்ட் மாற்றினதுக்காக அதற்கு முதல் நாள் நீங்கள் தோல் ஷெட்டில் சூப்பர்வைசரான அவரோடு சண்டை போட்டதை எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே வண்டியை ஏற்றிவிட்டீர்கள் என்று அவர் வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஜாமீன் இழுக்கிறதாம். தெரியாமல் பட்டது என்று காட்ட ஏதாவது கிடைத்தால் நல்லது என்றார் வக்கீலம்மா.

அப்போதுதான் மோதின இடத்துக்கு எதிரே ரஃபத் ஜஹான் அக்காவின் தையல் கடையில் கேமரா இருப்பது ஞாபகம் வந்தது. அதை யாரும் வந்து கேட்கவில்லையாம். அன்றைக்கு அங்கேயே அக்கா உங்களிடம் சொன்னதற்கு, கேமரால்லாம் வேணாம் விட்டுடுங்க என்றீர்களாம். பேஜாரில் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் டிவி கிடையாது. அக்கா மகன் துபாயிலிருந்து போனில் பார்ப்பதோடு சரி. பழைய படத்தை எடுக்க அவனுக்கும் வரவில்லை. அதனால் அக்கா ரெக்கார்டர் பெட்டியையே கழற்றிக் கொடுத்துவிட்டார். வூட்டு டிவியில மாட்டிப் பாரு ஹேமா, பதினஞ்சு நாளுக்கு மேல படம் நிக்காது, பழசு மேலயே புதுசு ஏறிடும் என்றார். அது ஞாயிற்றுக்கிழமை, பதினோராவது நாள். கரண்ட் கொடுக்காதவரை அழியாது. ஆனால் கேமரா இல்லாமல் கடையை விட முடியாது, வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி திரும்பி வந்துவிட வேண்டும் என்றார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பதறிக்கொண்டு வந்தேன்.

தமிழினி மாட்டிக் கொடுப்பாள் என்று நம்பியிருந்தேன். அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்ம டிவி பழசும்மா, இதுக்கு ஒயர் சொருக எடமே இல்ல என்றாள். மனசு கேட்காமல் கேபிள்கார டேனியலைக் கூப்பிட்டேன். அவர் டிவியை இழுத்துப் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். இதோ இருக்குது பாருங்க, எச்டிஎம்ஐ ஒயர் ஒண்ணு வாங்கினா போதும் என்றார். வாங்கி வைத்தேன். செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்க்காமல் திரும்பி வந்தால் ஒயரைக் காணோம். நேற்று இன்னொன்று வாங்கி நானே சொருகினேன். சிக்னல் இல்லை என்று டிவி நீலமாக நின்றது. தமிழினி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், பெத்த அப்பா மேல உனக்கு அக்கறையே இல்லியா என்று கேட்டுவிட்டேன்.

இன்றைக்கு மதியம் லீவு போட்டு வந்து மறுபடியும் டிவிக்குப் பின்னால் மண்டி போட்டேன். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த ஒயரை வாங்கி மாட்டினாள். ரிமோட்டில் ஏதோ மாற்றினாள். படம் வந்தது. தேதியும் நேரமும் நான் சொல்லவில்லை, அவளே போட்டாள். மாலை ஐந்து இருபது. பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாரும்மா என்றாள்.

பார்த்தேன். இருதயராஜ் சார் நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து போன் பேசிக்கொண்டே ரோட்டுக்கு வருகிறார். வண்டி வரும் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நம் ஸ்கூட்டி வருகிறது. ஓட்டுவது நீங்கள் இல்லை. நீங்கள் பின்னால் உட்கார்ந்து தமிழினிக்கு ஏதோ சொல்லிக் கொடுத்தபடி வருகிறீர்கள். மோதி விழுந்து எழுந்ததும் அவள் முழங்கையைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். காலேஜ் படியில் விழுந்தேன் என்று அவள் சொன்ன காயம் அதுதான். பிறகு அவள் ஹெல்மெட்டைக் கழற்றி நீங்கள் மாட்டிக்கொண்டு, சந்துப் பக்கம் கையைக் காட்டுகிறீர்கள். அவள் போகவில்லை. நீங்கள் கையை ஓங்குகிறீர்கள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் அவள் மேல் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம்தான் ஓடுகிறாள். நீங்கள் இருதயராஜ் சார் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆள் கூடும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

லைசென்ஸ் இல்ல, கேஸ் ஆச்சுன்னா நர்சிங் படிப்பே போய்டும், அம்மாகிட்டகூட சொல்லாத, ரெண்டு நாள்ல வந்துடறேன்னு அப்பா சொன்னாரும்மா, பதினஞ்சு நாளாய்டுச்சு என்று சொல்லி அழுதாள். முதலில் வாங்கின ஒயரை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இதை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அவளே வக்கீலம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றே மோதவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது, உங்களை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது என்றார். ஆனால் அவள் மேல் கேஸ் வரும், மாற்றிச் சொன்னதற்கு உங்களையும் கேட்பார்கள் என்றார். காலேஜில் என்ன சொல்வார்களோ தெரியாது. நாளைக்குக் காலையில் பெட்டியைக் கடையில் கொடுத்துவிட்டு வக்கீலம்மாவோடு மூன்று பேருமாக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். எனக்குத்தான் பயம். அவள் முகம் என்னவோ தெளிந்திருக்கிறது.

உங்களைக் கேட்கும்போது, நான்தான் ஓட்டினேன் என்று மறுபடியும் சொல்லிவிடாதீர்கள். பயந்து பயந்து ஒரு உண்மையைச் சொல்லப் போகிறாள். அதை உங்கள் வாயால் பொய்யாக்கிவிடாதீர்கள். என்னிடம் மறைத்ததற்கு உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம் இருக்கிறது. அதை இங்கே வந்த பிறகு நேரில் கேட்டுக்கொள்கிறேன். வந்து சேருங்கள்.

உங்கள்
ஹேமலதா