மதகில் கட்டிய சிவப்புத் துணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, எனக்குப் பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், மற்றபடி எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

போன மாதம் நம் குளத்து மீனுக்கெல்லாம் பேன் பிடித்து, மருந்து போட்டோம். அந்த மருந்து மீனை ஒன்றும் செய்யாது, நண்டுக்கும் இறாலுக்கும் விஷம். அதனால் மருந்து போட்ட தண்ணீரைப் பத்து நாளைக்குக் உப்பங்கழியில் விடக்கூடாது என்று மீன்வளத்துறையில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் மதகில் சிவப்புத் துணி கட்டியிருப்போம், உன் பழைய பாவாடையில் கிழித்ததுதான். துணி இருக்கும்வரை அப்பா மதகைத் தொடமாட்டார், கீழே கழியில் நண்டுக் கூண்டு வைக்கும் உன் சித்தப்பாவும் நிம்மதியாக இருப்பார். கட்டுவதும் அவிழ்ப்பதும் என் பொறுப்பு. உன் அப்பாவுக்கு இன்று என்ன கிழமை என்பதே என்னைக் கேட்டால்தானே தெரியும்.

நாலாம் நாள் பார்க்கிறேன், துணி முழுக்கச் சேறும் காக்கை எச்சமும். என் சுத்தம்தான் உனக்குத் தெரியுமே. அவிழ்த்து வந்து சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டேன், காய்ந்ததும் கட்டிவிடலாம் என்று. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குளம் தளும்பவே அப்பா ஓடியிருக்கிறார், மதகில் துணியைக் காணோம், நாள் முடிந்துதான் நான் அவிழ்த்திருப்பேன் என்று திறந்துவிட்டார். மறுநாள் காலையில் சித்தப்பாவின் கூண்டுகளில் ஒரு நண்டுகூட உயிரோடு இல்லை. முட்டையோடு இருப்பதைப் பிடித்தாலும் அவர் திருப்பி விட்டுவிடுவார் இல்லையா, அந்தத் தாய் நண்டுகளும் கரையோரம் மல்லாந்து கிடந்தன. அடுத்த வருஷத்து நண்டும் அதோடு போயிற்று.

சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தினம் சாயங்காலம் பின்வாசலில் வந்து நின்று "அண்ணி, டீ இருக்கா?" என்று கேட்கிற மனுஷர், எங்கள் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் மீன்வளத்துறை அதிகாரி விசாரிக்க வந்தாள், உன் வயசுதான் இருக்கும். எங்கள் பண்ணை உரிமம் போய்விடக்கூடாது என்று சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா, "துணி கட்டித்தான் இருந்துச்சு மேடம், தண்ணி சூடேறிச் செத்திருக்கும்" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமலே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நண்டையும் இழந்துவிட்டு நமக்காகப் பொய்யும் அவர் சொல்ல வேண்டுமா. "துணி எங்க வீட்டுக் கொடியில இருந்துச்சும்மா, நான்தான் அவுத்தேன்" என்றேன். குனிந்த தலையை நிமிர்த்தி அப்பாவும், "தெறந்தது நான்தான்" என்றார்.

மூன்று மாதத்துக்கு உரிமத்தை நிறுத்திவிட்டார்கள், ஒரு மீன் விற்கக்கூடாது. இன்னொரு தடவை நடந்தால் பண்ணையையே மூட வேண்டியதுதான். அதோடு, துணியை நம்பி இருக்கக்கூடாது, மதகுக்கு இரண்டு பூட்டு போட வேண்டும், ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று சித்தப்பாவிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அது அவமானம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அந்தப் பெண்ணை மனசுக்குள் கும்பிட்டேன்.

நேற்றுத் தண்ணீரைச் சோதித்து, விடலாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா சாவியோடு வந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். தண்ணீர் வடிந்து முடியும்வரை இருவரும் கரையில் நின்றார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை. அப்புறம் பின்வாசலில் செருப்புச் சத்தம். "அண்ணி, டீ இருக்கா?" என்றார். பாலை இரண்டு தடவை பொங்கவிட்டுத்தான் கொடுத்தேன்.

நீ சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. நண்டைப் பற்றிக் கேட்காதே, உடம்பு எப்படி என்று மட்டும் கேள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

அந்தத் துணியை இனித் துவைக்கவே போவதில்லை என்று முடிவுசெய்திருக்கும்
உன் அம்மா