பாய் மாட்டும் கொக்கி

என் வீட்டுக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத மனம் வரவில்லை.

கடலில் பாய்மரப் பலகை ஓட்டும் உங்களுக்காக நாயாய் அலைந்து இந்த வேனைத் தேர்ந்தெடுத்தவள் நான். பின் சீட்டுகளைக் கழற்றி, பலகைக்கு ரேக் அடித்து, அதன் பாயை மாட்டக் கொக்கி வைத்ததும் நான்தான். மாட்டுவது என் வேலை என்பதால் என் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். நீங்களோ என்னைவிட நெட்டை.

நேற்று வேனை என் பட்டறையில் விட்டுவிட்டு, “கொக்கிய ஒரு சாண் கீழ இறக்கிடு, எட்ட மாட்டேங்குது” என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

யாருக்கு எட்டவில்லை?

போல்ட்டை எடுத்துவிட்டு, கொக்கியை இருந்த இடத்திலேயே வெல்டு வைத்துவிட்டேன். இனி அதை யாராலும் இறக்க முடியாது. வேனை எடுத்துக்கொண்டு போங்கள். எட்டாதவள் முக்காலி போட்டு ஏறிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கை எட்டுகிறவள்