கடைசி வரிசை

பிப். 3, செவ்வாய்

பனி. திராட்சை இலையில் சாம்பல் தூவின மாதிரி வெள்ளை. சாம்பல் நோய்தான், புளிச்ச மோர் அடிக்கணும். நம்ம ஸ்பிரேயர் உடைஞ்சு கிடக்கு. என் வீட்டுக்காரர் ரவி சரி பண்றேன்னு சொல்லியே பொங்கல் போயாச்சு. பக்கத்து நெல் வயல் அவர் அண்ணனுடையது, எனக்கு மாமா முறை. அவர்கிட்ட கேட்டேன்.

"எடுத்துக்கமா. கழுவித்தான் வெச்சிருக்கேன்."

டேங்கில் லேசா ஒரு வாடை. மோர் ஊத்தினதும் தெரியல. கடைசி வரிசைக்கு மோர் பத்தல. அது மாமா வயலை ஒட்டின வரிசை. அப்புறம் பாத்துக்கலாம். முதுகு வலி.

வில்லியனூரில் வாங்க: தயிர், ஷாம்பு, சைக்கிள் டியூப்.

பிப். 4, புதன்

ஒயின் போடும் மேடம் போன். வியாழன் 12 அன்று ஆய்வாளர் வந்து இலை வெட்டி லேபுக்கு அனுப்புவாராம். மருந்தில்லாமல் மூணு வருஷம் தாண்டப் போறோம். ஆர்கானிக் சீட்டு வந்தால் காய் மொத்தமும் மேடத்துக்கு. இலையில் மருந்து இருந்தால் மறுபடி முதல்லேருந்து. அதுக்கு எனக்குத் தெம்பில்லை.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் அளவா அடிக்கலாமாம், களைக்கொல்லி ஒரு சொட்டும் ஆகாதாம். ஒயின் தொட்டியிலும் கந்தகம் கொஞ்சம்தான். "சிவப்பு ஒயினுக்குத் தோலோடதான் ஊற வைப்போம். தோல்ல என்ன இருக்கோ அது ஒயின்ல இருக்கும்."

நம்ம ஊர் உறுவையாறில் திராட்சையான்னு சிரிச்சவங்க எல்லாம் இப்ப பந்தலை எட்டிப் பாக்கறாங்க. காய் மிளகு அளவு.

பிப். 7, சனி

காத்து இல்லை. பந்தலில் ஏதோ சரியில்லை. கொழுந்து இலை எல்லாம் குறுகி, விசிறி மடிச்ச மாதிரி. தண்ணி விட்டேன். பயமா இருக்கு.

பிப். 9, திங்கள்

கொடி நுனி முறுக்குது. போட்டோ பார்த்த மேடம், களைக்கொல்லி பட்டால்தான் இப்படி ஆகும்னாங்க. ரவி நேரா அண்ணன் வயலுக்கு. வயலோரம் ரோட்டில் வெச்சே சத்தம்.

"இன்னாடா இப்படி கேக்கற? ஒன் பந்தலுக்குன்னு பத்தடி வுட்டுதான் களமருந்து அடிச்சேன். பாரு, கோரை மண்டிக் கெடக்குது."

"காத்துக்கு ஒன் பத்தடி தெரியுமா? இனி ஒன் வூட்டுப் படி ஏற மாட்டேன்."

மாமா வயலில் வெச்ச சாப்பாட்டைத் தொடாமலே போயிட்டார். ஸ்பிரேயரைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கொட்டகையில் கிடக்கு.

பிப். 10, செவ்வாய்

வரிசை வரிசையா நடந்தேன். நான் மோர் அடிக்க ஆரம்பிச்ச முதல் வரிசைதான் ரொம்ப மோசம். மாமா வயலிலிருந்து அதுதான் தூரம். ஒட்டின கடைசி வரிசை பச்சைப்பசேல். மோர் எட்டாத வரிசை.

காத்து இல்லை. மாமா இல்லை. அந்த டேங்க். அடிச்சது நான்.

கழுவினாலும் போகாத மருந்து. அவருக்கும் தெரியல, எனக்கும் தோணல. வாடை வந்ததே, பாவி.

ரவிகிட்ட சொல்லணும். அண்ணனையே அப்படிப் பேசின வாய், என்னை என்ன பேசும்? நாளைக்குச் சொல்லலாம். ஆய்வாளர் வந்தால் முதலில் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போகணும். அங்கேயே வெட்டட்டும். தப்புதான். தெரியும்.

பிப். 11, புதன்

காலையில் ஆய்வாளர் போன். நாளைக்கு வர்றது உறுதி. சொல்ல வாயெடுத்தேன், ரவி டீ குடிச்சிட்டு எழுந்து போயிட்டார். மோர்ப் பானை காலி. பூனைன்னு நினைச்சேன்.

பந்தல் பக்கமிருந்து ரவி வர்றார். சட்டை நனைஞ்சிருக்கு. பல நாளைக்கு அப்புறம் முகத்தில் சிரிப்பு.

"அந்த ஒரு வரிசையாவது பொழைக்கட்டும்டி. நீ வுட்டதுக்கும் சேத்து மோர் அடிச்சிட்டேன்."

முதுகில் அண்ணன் ஸ்பிரேயர்.