சிவப்பி கன்று ஈன்ற மாலை

இன்று காலை மருந்து வாங்கப் போன வழியில், சந்தைக்குத் திரும்பும் முடக்கில் நிற்கும் ஆலமரத்தடியில் மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. யாரோ புதிதாகக் கட்டிய சாக்கு மூட்டையொன்று கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. பசு ஈன்றதும் விழும் இளங்கொடியை வைக்கோலோடு பொதிந்து, பாலுள்ள மரத்தில் கட்டும் நம் வழக்கத்தை இந்த ஊரில் இன்னும் ஒரு வீடாவது விடாமல் வைத்திருக்கிறது. மரத்தின் பால் வற்றாதவரை மடியின் பாலும் வற்றாது என்பது நம்பிக்கை. வழிப்போக்கர் முகஞ்சுளித்து விரைந்தனர். நான் நின்றுவிட்டேன். களைத்த கால்களுக்கு நிற்பதற்கொரு காரணம் கிடைத்தது என்றும் கொள்ளலாம். அந்த நாற்றத்தோடுதான் நீ என் நினைவுக்கு வந்தாய்.

நீ கண்மூடிய பின் மாரிமழை இருமுறை பெய்து ஓய்ந்துவிட்டது. சம்பூரிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் தமிழுரிமைக் கூட்டங்களில் ஒலிபெருக்கி இன்றியே கடைசி வரிசைவரை எட்டிய என் குரல், இப்போது மருந்துக்கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்வதற்குள் இருமுறை உடைகிறது. எழுத்து மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

அந்தப் பசு நம் வீட்டுக்கு வந்தபோது நான் அதற்கு ‘ஆனிரைச்செல்வி’ என்று பெயர் சூட்டினேன். பிறமொழி கலவாத பெயர் என்று அண்டை வீட்டாருக்கும் விளக்கினேன். மறுநாட் காலையில் நீ வீட்டுப் பின்வளவில் நின்று ‘சிவப்பி’ என்றாய். அது தலையைத் தூக்கியது. நான் மேடைக் குரலில் அழைத்துப் பார்த்தேன்; அது அசைபோடுவதையும் நிறுத்தவில்லை. “அதுக்கு உங்கட தமிழ் விளங்காது, பாவம்” என்று சொல்லிவிட்டு நீ அதற்குப் புல்லை அள்ளிப் போட்டாய்.

இந்த நகரத்தில் மாட்டுக்கு மேய்ப்பன் தேவைப்பட்டதில்லை. காலையில் அவிழ்த்துவிட்டால் சிவப்பி கோட்டைப் பக்கம் போகும். அங்குத் திரியும் புள்ளிமான்களோடு மேயும். வெயில் ஏறினால் கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களின் நிழலில் படுக்கும். பொழுது சாய்கையில், கிண்ணியாவிலிருந்து வந்து நம் தெருவில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாம் ‘காக்கா’ என்று அழைப்பவர், கொடுக்கும் வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுத் தானே வீடு வந்து சேரும். நான் கூட்டத்துக்குக் கூட்டம் சென்று அறிந்த மனிதரைவிட அது மேயப் போகையில் அறிந்து வைத்திருந்தவர் அதிகம்.

நமக்குப் பிள்ளை தங்கவில்லை. அதை நாம் பேசுவதுமில்லை. சிவப்பி தன் தலைக்கன்றைக் கடற்கரை மணலில் தனியே ஈன்றது. நாம் தேடிப் போவதற்குள் தெருநாய்கள் முந்திவிட்டன. அன்று நீ அழவில்லை. அதன் கழுத்தில் முகம் வைத்து, “அடுத்த முறை நான் பக்கத்தில இருப்பன்” என்றாய்.

ஆகவேதான் இரண்டாம் முறை அது நிறைசினையாக இருந்தபோது நீ அதை அவிழ்த்துவிடாமல் வளவிலேயே கட்டி வைத்தாய். அன்று நண்பகலில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஈனும் வேளையில் பசு மறைவிடம் தேடும் என்று நீ அறிவாய்; எந்த மறைவிடம் என்றுதான் தெரியவில்லை. அன்று மாலை கடற்கரைத் திடலில் நான் பேச வேண்டிய பெருங்கூட்டம். உடுத்த வெள்ளை வேட்டியோடு உன் பின்னால் தெருத்தெருவாக அலைந்தேன். கடைசியில் காக்காதான் மிதிவண்டியில் மூச்சு வாங்க வந்து சொன்னார்: “தங்கச்சி, மாடு கம்பிக்குள்ள நிக்குது. மான் போற ஓட்டையால பூந்திருக்கு.”

வெள்ளையரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போயின. அவர்கள் அடித்த முட்கம்பி போகவில்லை. அதற்குள்ளே பாலை மரமும் வீரை மரமும் வளர்ந்து அடர்ந்த, அரசுப் படை எடுத்துக்கொண்ட காணி. உள்ளே காலடி வைத்தவர் திரும்புவது காவலரின் மனநிலையைப் பொறுத்தது. என்னைப் போன்ற பேச்சாளர் பலர் பிடிபட்டிருந்த காலம் அது. வாயிலில் துவக்கோடு நின்ற சிங்கள இளைஞனுக்கு என் முகம் தெரிந்திருந்தது; விசையில் அவன் விரல் இறுகியதைக் கண்டேன். நீ என்னைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னே போனாய். உனக்குச் சிங்களம் வராது. மரங்களுக்கிடையே தெரிந்த சிவந்த முதுகைக் காட்டினாய். வயிற்றைத் தொட்டுக் காட்டினாய். பிறகு நாய் கடிப்பது போல் பல்லைக் காட்டினாய். அவன் வாயிலின் தாழ்ப்பாளை விலக்கினான்.

“அக்கா மட்டும்,” என்றான், தான் அறிந்த தமிழில். “மாத்தயா ஏலாது.” மாத்தயா என்றது ஐயாவாகிய என்னை.

அவன் வாயிலைத் திறந்தது எவ்வளவு பெரிய செயல் என்று உனக்கு அப்போது தெரிந்திருக்காது. மேலதிகாரி வந்தால் அவன் வேலை போயிருக்கும். அதனினும் மோசமாக ஏதும் நேர்ந்திருக்கலாம். அவனும் மாடு கட்டிய வீட்டிலிருந்து வந்தவன் என்று நீ பிறகு சொன்னாய். எப்படித் தெரியும் என்றேன். மாட்டை நெருங்கும்போது அவன் துவக்கை மரத்தில் சாத்திவிட்டு வந்தானாம்.

நான் வெளியே நின்றேன். காக்காவை அனுப்பி, கூட்டத்துக்கு வரச் சுணங்கும் என்று அமைப்பாளரிடம் சொல்லச் சொன்னேன். அவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: ஐயா கம்பியடியில் நிற்கிறார், துவக்குக்காரர் ஒருவர் உள்ளே நிற்கிறார், இப்போதைக்கு வரமாட்டார். மாட்டைப் பற்றியும் சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் திடல் எழுந்துவிட்டதாம். என்னைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவுசெய்ய அந்த மக்களுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

வீதியின் வளைவில் முதலில் கொடிகள் தெரிந்தன. பின் முழக்கம் வந்தது. அத்தனையும் நான் எழுதிக் கொடுத்த முழக்கங்கள். எதுகையும் மோனையும் பொருந்த, நெஞ்சில் அறையும்படி நானே செதுக்கியவை. அவை என்னை நோக்கி வருவதை முதன்முறையாகக் கேட்டேன். உள்ளிருந்து மேலும் மூன்று காவலர் துவக்கோடு ஓடிவந்தனர். ஒரு கல் எறியப்பட்டால் போதும், அந்த மாலை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

அப்போது நீ மரங்களிலிருந்து வெளிப்பட்டுக் கம்பியருகே வந்தாய். முழங்கைவரை ஈரம். உன் குரல் உயரவே இல்லை.

“இஞ்சாருங்கோ, உங்கட ஆக்களை வாயை மூடச் சொல்லுங்கோ. கன்டு பாதி வந்து நிக்குது. அது வெருண்டு எழும்பீட்டுது.”

நான் ஓடினேன். கூட்டத்தின் முன் நின்று இரு கைகளையும் உயர்த்தினேன். அது அவர்களை மேலும் மூட்டியது. கைகளை இறக்கி, விரலை உதட்டில் வைத்தேன். இருபது ஆண்டு மேடை வாழ்வில் நான் செய்திராத சைகை. முன்வரிசை திகைத்து அடங்கியது. திகைப்பு பின்னோக்கிப் போயிற்று. ஓர் இளைஞன் என் காதருகே குனிந்தான்.

“என்னண்ணை, உண்ணாவிரதமோ?”

“இல்லையடா. மாடு கன்டு போடுது.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். விளையாடவில்லை என்று கண்டதும் திரும்பி அடுத்தவனிடம் சொன்னான். அந்தச் செய்தி வரிசை வரிசையாக, காதோடு காதாகப் போயிற்று. போன இடமெல்லாம் மக்கள் வீதியில் அமர்ந்தனர். கரைவலை இழுப்போர், சுமை தூக்குவோர், மாதா கோயிலடிப் பெண்கள், காக்காவும் அவர் ஊரவர் சிலரும். யாரோ ஒருவர் தலைக்கன்றோ என்று மெல்லக் கேட்டார், இரண்டாவது என்றேன், முந்தியது தப்பவில்லை என்றும் சொன்னேன். அவர் தம் கொடியைக் கீழே சாய்த்துவிட்டுக் கைகூப்பினார்.

உள்ளே நம் காவலன் மற்ற மூவரிடமும் ஏதோ சொன்னான். ‘வஸ்ஸா’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. கன்று என்று பொருள். அவர்களில் ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வாளியில் தண்ணீர் எடுக்கப் போனான். கம்பிக்கு அப்பால் நீயும் மாடும், சற்றுத் தள்ளி விலகாது நின்று பார்த்த மான்களும், இப்பால் நாங்கள். குடாக்கடலின் அலை அந்த வீதிவரை கேட்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

பசுக்கன்று. நீ கையைத் தூக்கிக் காட்டினாய். ஒருவரும் கைதட்டவில்லை.

அதன் பின்னும் நீ வெளியே வர மறுத்தாய். இளங்கொடி விழும்வரை காத்திருக்க வேண்டும். விட்டால் மாடே அதைத் தின்றுவிடும். கூட்டமும் கலையவில்லை. விழுந்ததும் அதைப் பொதியச் சாக்கு இல்லை. அமைப்பாளர், என் முழக்கம் எழுதிய பதாகையைக் கழிகளிலிருந்து அவிழ்த்து, கம்பிக்கு மேலாக நீட்டினார். நீ அதில் காய்ந்த புல்லும் இளங்கொடியுமாகக் கட்டினாய். இதே ஆலமரத்தில் அது பல நாள் தொங்கியது. மடிப்புக்கு வெளியே ‘தமிழ்’ என்ற பாதிச் சொல் தெரிந்தபடி. எதிரணியினர் எனக்கு ‘மாட்டு மருத்துவச்சி’ என்று பட்டம் சூட்டினர். நீ அதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தாய். வீடு திரும்பும் வழியில், உன் புருசனுக்கு என்ன வேலை என்று காவலன் கேட்டதாகவும், கைகளை வாயருகே குவித்து, கத்துவது என்று காட்டியதாகவும் சொன்னாய்.

அந்த இளைஞன் மாற்றலாகிப் போனான். காக்கா கிண்ணியாவுக்குத் திரும்பிவிட்டார். மான் நுழைந்த ஓட்டையை அடைத்து, கம்பியை இரட்டிப்பாக்கி, மேலே காவற்கூண்டும் கட்டிவிட்டார்கள். மான்கள் இப்போது தெருவில் தாளைத் தின்கின்றன. நம் பக்கத்து இளைஞர்களும் மாறிவிட்டார்கள். விரலை உதட்டில் வைத்தால் அஞ்சிவிட்டான் கிழவன் என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் கண்டது வேறு. அந்த மாலையைப் போல இன்னொன்று வருமென்று நான் நம்பவுமில்லை. நம்பிக் களைத்துவிட்டேன்.

ஆயினும் உன் பட்டியில் அந்தக் கன்றின் வழிவந்த பசுவொன்று இப்போது நிறைசினையாக நிற்கிறது. சென்ற கிழமை நம் தெருவால் ஊர்வலம் போயிற்று. பழைய என் முழக்கங்களே, இன்னும் கூர்மையாக. பிள்ளைகள் வந்து, ஐயா வெளியே வந்து நின்றாலே போதும் என்று அழைத்தார்கள். வருகிறேன் என்றேன். அவர்கள் போனதும் பின்வளவுக்குப் போய், ஊர்வலம் கடந்து முடியும்வரை அந்தப் பசுவின் காதுகளிரண்டையும் கைகளால் பொத்திக்கொண்டு நின்றேன்.